குளிரில் பாடியவர்கள்: ஜெர்மனியில் ஒரு நவம்பர்

நவம்பர் 8, ஹைடல்பெர்க்

காலையிலிருந்து தூறல். நெக்கார் ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கி, எதிர்க்கரைக் குன்று பாதிக்கு மேல் தெரியவில்லை. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கஷ்கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் ஐந்து யூரோ. தின்பதற்கு இல்லாவிட்டாலும் கையில் பிடித்துக்கொள்வதற்காகவே வாங்கலாம், அத்தனை சூடு. "பத்து நிமிஷம் கை விறைக்காது, பிடி" என்று அக்கா தன் பங்கையும் என் கையிலேயே திணித்தாள்.

இங்கே வருகிறவர்கள் மலைமேல் இருக்கும் சிதிலமான கோட்டையைப் பார்க்கத்தான் வருவார்கள். நாங்கள் வந்தது பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ஒரு புத்தகத்துக்காக. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் பேசிய அரண்மனைகளில் காதல் பாட்டுப் பாடும் மரபு ஒன்று செழித்திருந்தது. மின்னேசாங் என்று பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து எனக்கு அதன்மேல் தீராத பிரியம். அக்கா ஜெர்மனியில் குடியேறிப் பல வருஷங்கள் ஆகின்றன. மூலத்தைத் தட்டுத்தடுமாறியாவது அவளால் வாசிக்க முடியும். அதனால்தான் இந்தப் பயணமே சாத்தியமானது.

அந்தப் புத்தகம் கோடெக்ஸ் மனெஸ்ஸெ. 1300 வாக்கில் சூரிச் நகரில் எழுதத் தொடங்கி, 1340 வரை சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 426 தோல் ஏடுகள், 140 கவிஞர்கள், ஏறக்குறைய 6000 செய்யுள்கள், 137 முழுப்பக்க ஓவியங்கள். ருய்டிகர் மனெஸ்ஸெ என்ற சூரிச் பிரமுகரும் அவர் மகனும் பாட்டு ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இத்தனை பாட்டுகளை நாட்டில் வேறெங்கும் ஒரே இடத்தில் காண முடியாது என்று ஹாட்லாவ்ப் என்ற கவிஞர் அந்தக் காலத்திலேயே பாடி வைத்திருக்கிறார்.

அசல் ஏட்டை வெளியே எடுப்பது அபூர்வம். காட்சிக்கு இருப்பது அச்சு அசலான நகல். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கவிஞர்களை வரிசைப்படுத்தியிருப்பது கவித்திறனை வைத்து அல்ல, அந்தஸ்தை வைத்து. முதலில் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ், பிறகு மன்னர்கள், பிரபுக்கள், வீரர்கள், கடைசியில் பட்டம் எதுவும் இல்லாத பாடகர்கள். இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சன் ரிச்சர்டைப் பிடித்துச் சிறையில் வைத்த அதே ஹைன்ரிஷ்தான். காதலியை இழப்பதைவிட மணிமுடியை இழந்துவிடுவேன் என்று பாடுகிறார்.

ஓவியங்களில் இரண்டு என்னை நகரவிடவில்லை. ஒன்று, கிறிஸ்டன் ஃபொன் ஹாம்லெ. கோட்டைச் சுவரோரம் ஒரு கூடைக்குள் அவர் நிற்க, மேலே மாடத்தில் அந்தப் பெண் உருளையைச் சுற்றி அவரைத் தூக்குகிறாள். காதலன் கூடைக்குள் சும்மா நிற்கிறான். பாரம் முழுவதும் அவள் கையில். இன்னொன்று வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ. பாறைமேல் கால்மேல் கால் போட்டு, முழங்காலில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பாட்டின் முதல் வரிகளை அப்படியே வரைந்திருக்கிறார் ஓவியர். கேடயத்தில் கூண்டுக்குள் ஒரு பறவை.

ஏடுகளுக்கிடையே வெற்றிடங்கள் நிறைய. ஒவ்வொரு கவிஞருக்கும் இன்னும் பாட்டு கிடைக்கலாம் என்று இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். 700 வருஷமாக அந்த இடங்கள் அப்படியே இருக்கின்றன. எனக்கு ஓவியங்களைவிட அந்த வெற்றுத்தோல் பெரிதாகப் பட்டது.

இடையில் ஹைடல்பெர்க்குக்கு வந்து, முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஊரை விட்டுப் போன ஏடு 1657இல் பாரிஸில் பிரெஞ்சு அரச நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ட்ருய்ப்னர் என்ற ஸ்ட்ராஸ்பர்க் புத்தக வியாபாரி, பிரெஞ்சு நூலகங்களிலிருந்து திருட்டுப்போய் இங்கிலாந்தில் இருந்த கையெழுத்துப் படிகளை வாங்கி, அவற்றைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டு வந்தார். 1888இல்தான் ஊர் திரும்பியது.

சாயங்காலம் அக்கா ஒரு சாக்லேட் கடைக்கு அழைத்துப் போனாள். 'மாணவர் முத்தம்' என்று பெயர் கொண்ட வட்டமான சாக்லேட் இந்த ஊரின் விசேஷம். 19ஆம் நூற்றாண்டில், காப்பிக்கடைக்கு வரும் பெண்களோடு எப்போதும் ஒரு காவல்கார அம்மா இருப்பாராம். அவர் கண்ணெதிரிலேயே மாணவர்கள் தங்கள் மனதைச் சொல்ல இந்த சாக்லேட்டைக் கொடுப்பார்களாம். காதலுக்குக் காவல் போடுகிறவர்களையும் வேவு பார்க்கிறவர்களையும் மின்னேசாங் கவிஞர்கள் சபிக்காத நாள் இல்லை. 600 வருஷம் கழித்தும் அந்த அம்மா அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்!

நவம்பர் 9, ரயிலில்

நாள் முழுக்க மழை, மாறி மாறி ரயில். ஜன்னலில் வழியும் தண்ணீரைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. மின்னேசாங் கவிஞர் ரைன்மாரைப் படித்தேன்.

ரைன்மாரின் பாட்டில் ஒரு பெருமாட்டி இருப்பாள். எட்ட முடியாதவள், பெயர் சொல்லக் கூடாதவள். பாடுகிறவன் அவளுக்கு ஊழியம் செய்வான். கூலியாக அவள் தலையசைத்தால் போதும், அதுவும் கிடைக்காது. வலியை இவ்வளவு அழகாகத் தாங்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தான் வல்லவன் என்று பெயர் எடுத்தால் போதும் என்கிறார் அவர். இந்தப் பாட்டுகளைத் தனியறையில் பாடவில்லை என்பதை மறக்கக் கூடாது. கூடம் நிறைய ஆட்கள், நடுவில் பிரபு, பக்கத்தில் அவர் மனைவி. எல்லாரும் கேட்கும்படி ரகசியத்தைப் பாட வேண்டும். அது ஒரு தொழில்; அன்றைய சாப்பாடும் படுக்கையும் அதைப் பொறுத்தவை.

வால்ட்டர் இதை உடைத்தார். காதல் என்பது இரண்டு இதயங்களின் மகிழ்ச்சி, இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் அது காதல் என்றார். ரைன்மாரோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. ரைன்மார் இறந்தபோது பாடிய இரங்கற்பாவில், "உனக்காக நான் அதிகம் அழமாட்டேன், உன் கலை அழிந்ததற்காக அழுகிறேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த வரியில்தான். போட்டியாளனின் திறமைக்கு இதைவிட உண்மையான மரியாதை எது?

இரவு அன்ஸ்பாஹ். விடுதி அறையில் சூடேற்றி வேலை செய்தது. அதற்கு மேல் இன்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் 10, வோல்ஃப்ரம்ஸ்-எஷன்பாஹ்

ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடைத்தெரு செத்துக் கிடக்கும். காலையில் சில மணி நேரம் திறந்திருந்த பேக்கரியில் கிராப்ஃபன் வாங்கினோம். ஜாம் வைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை ரொட்டி, மேலே மாவுச் சர்க்கரை, ஒன்று இரண்டு யூரோ. நாளை கார்னிவல் திருவிழாப் பருவம் தொடங்குவதால் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தார்கள். கடித்ததும் ஜாம் பின்பக்கமாக வந்து அக்காவின் கையுறையில் வழிந்தது.

கிராப்ஃபனைச் சும்மா சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக்காரரான வோல்ஃப்ரம் ஃபொன் எஷன்பாஹ் தன் 'பார்ஸிஃபால்' காவியத்தில், முற்றுகையில் பட்டினி கிடக்கும் ஒரு நகரத்தைச் சொல்லும்போது, அங்கே ட்ருய்டிங்கன் சட்டியில் கிராப்ஃபன் பொரியும் சத்தமே கேட்காது என்கிறார். ட்ருய்டிங்கன் இங்கிருந்து பக்கம். அதே மூச்சில், என் சொந்த வீட்டிலும் எலி சந்தோஷப்படும்படி ஒன்றும் கிடையாது என்று தன் வறுமையையும் சொல்லிவிடுகிறார். வீரர்களும் அற்புதங்களும் நிறைந்த பெருங்காவியத்தின் நடுவே கவிஞனின் காலி உக்கிராண அறை!

பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஞாயிறன்று முன்பதிவு செய்தால்தான் வண்டி வரும் என்று நிறுத்தத்துப் பலகையில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்ததை அக்கா கண்டுபிடித்தபோது எங்கள் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. கடைசியில் டாக்ஸி. ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டின் காசு அதிலேயே போய்விட்டது.

ஊர் சின்னது. மதில் இன்னும் சுற்றி நிற்கிறது. உள்ளே மரச்சட்டமிட்ட வீடுகள், மாதாகோவில் கோபுரத்தில் வண்ண ஓடுகள். மழையில் அந்த ஓடுகள் பளபளத்தன. முன்பு இதற்கு மேல்-எஷன்பாஹ் என்றுதான் பெயர். 1917இல் கவிஞர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியன் 1861இல் நிறுவிய சிலை. 15ஆம் நூற்றாண்டில் ஒருவர் வந்து வோல்ஃப்ரமின் கல்லறையை இந்தக் கோவிலில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இப்போது கல்லறை இல்லை.

வோல்ஃப்ரம் எழுதிய காதல் பாட்டுகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். பெரும்பாலானவை விடியற்பாட்டுகள்: இரவெல்லாம் சேர்ந்திருந்த இருவரும் விடிவதற்குள் பிரிய வேண்டும், கோட்டைக் காவலாளி மேலிருந்து குரல் கொடுப்பான். ஒன்றில் அவன் சொல்கிறான்: அதன் நகங்கள் மேகங்களைக் கிழித்துவிட்டன. 'அது' என்பது பகல். பொழுது விடிவதை இரையைக் கிழிக்கும் மிருகமாகப் பார்க்கிற வரி. இந்த மரபு முழுவதிலும் எனக்கு இதற்கு ஈடு கிடையாது.

திரும்பும் வழியும் வந்த வழி மாதிரியே ஆகியிருக்கும். கோவில் வாசலில் ஒரு வயதான தம்பதி, நாங்கள் குடையை மடக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். அன்ஸ்பாஹ் வரை காரில் கொண்டுபோய் விட்டார்கள். வழி நெடுக அந்த அம்மா பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், அக்காவிடம், நீங்கள் உண்மையாகவே வோல்ஃப்ரமுக்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றதும் முன்னிருக்கையிலிருந்து திரும்பி எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பெட்ரோலுக்குக் காசு நீட்டியபோது அவர் கணவர் முகம் வாடிப்போனது. உடனே உள்ளே வைத்துவிட்டோம்.

நவம்பர் 11, வுய்ர்ட்ஸ்பர்க்

மழை நின்றது. குளிர் ஏறியது.

பழைய மாயின் பாலத்தில் ஆளாளுக்குக் கையில் வைன் கிளாஸோடு நிற்கிறார்கள். பாலத்தின் கோடியில் வாங்கி, சிலைகளுக்கு நடுவே நின்று குடிப்பது இவ்வூர் வழக்கம். உள்ளூர் சில்வானர் ஒரு கிளாஸ் ஆறு யூரோ, கிளாஸுக்கு முன்பணம் தனி. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அக்கா கிளாஸை வைக்க இடம் தேடியதும் பேசாமல் நகர்ந்து கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் அன்பு இந்த மாதிரிதான் வெளிப்படுகிறது.

இன்று புனித மார்ட்டின் நாள். இருட்டியதும் குழந்தைகள் காகித விளக்குகளோடு பாடிக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். முன்னால் குதிரைமேல் சிவப்பு அங்கி போட்ட மார்ட்டின். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். ஒரு பொடியன் விளக்கைச் சாய்த்துவிட்டு அழ, ஒரு பெரிய பெண் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

இரவு வாத்து. பெரிய வாத்துத் தொடை, உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ். ஒரு தட்டு 30 யூரோவுக்குப் பக்கம். இரண்டு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்துகொண்டோம். உருண்டை வழுவழுவென்று, குழம்பை உறிஞ்சிக்கொண்டு பிரமாதமாக இருந்தது. முட்டைக்கோஸில் கிராம்பு வாசம்.

நவம்பர் 12, வுய்ர்ட்ஸ்பர்க்

இந்தத் தேதிக்காகவே பயணத்தை இந்த வாரம் வைத்தேன்.

வால்ட்டரைப் பற்றி அவர் உயிரோடிருந்த காலத்து ஆவணம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பாஸாவ் ஆயர் வோல்ஃப்கரின் பயணச் செலவுக் கணக்கு. 1203 நவம்பர், மார்ட்டின் நாளுக்கு மறுநாள், வியன்னாவுக்கு அருகே ஸைஸல்மாவர் என்ற இடத்தில் எழுதியிருக்கிறார்கள்: பாடகர் வால்ட்டருக்கு ரோமத்தோல் மேலங்கிக்காக ஐந்து நெடுஞ்சொலிதுஸ். அதாவது 150 வெள்ளிக் காசுகள். நூற்றுக்கணக்கான செய்யுள்கள் எழுதிய மனிதரைப் பற்றி ஆயரின் கணக்குப்பிள்ளைகள் விட்டுவைத்த தடயம் ஒரு கோட்டுச் செலவு.

நேற்று ஊர்வலத்தில் மார்ட்டினைப் பார்த்துவிட்டு இன்று இதை நினைத்தால், அந்த ஆயர் ஏன் அந்த நாளில் கொடுத்தார் என்பது புரிந்துவிடுகிறது. குளிர்காலம் தொடங்கும் நாள். ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கிற ஒருவனுக்குப் பணத்தைவிட அது பெரிது.

17 வருஷம் கழித்து, 1220 வாக்கில், மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வால்ட்டருக்கு ஒரு மானியம் கொடுத்தார். "எனக்கு மானியம் கிடைத்துவிட்டது, உலகமே, எனக்கு மானியம் கிடைத்துவிட்டது! இனி பிப்ரவரிக் குளிர் என் கால்விரலைக் கடிக்குமென்ற பயம் இல்லை" என்று துள்ளிக் குதிக்கிறார். மூன்று நாள் ஈரச் சப்பாத்தோடு நடந்துவிட்டு அந்தக் கால்விரல் வரியைப் படித்தேன். இதுவரை படித்ததெல்லாம் படித்ததே இல்லை.

நோய்மூன்ஸ்ட்டர் கோவிலுக்குப் பின்னால் லூஸாம் தோட்டம். தெருவிலிருந்து ஒரு சின்ன வழி. உள்ளே பழைய மடத்துத் தூண்வரிசையில் ஒரு பக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நடுவில் வால்ட்டரின் நினைவுக்கல். 1230 வாக்கில் இறந்தவரை இந்த மடத்து முற்றத்தில் புதைத்ததாக 14ஆம் நூற்றாண்டில் மிஷாயெல் டெ லியோனெ எழுதி வைத்திருக்கிறார். இப்போதுள்ள கல் 1930இல் வைத்தது. 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் இந்த நகரமே எரிந்துபோன பிறகும் இந்த மூலையில் ஏதோ மிஞ்சியிருக்கிறது.

தன் கல்லறைமேல் தினமும் பறவைகளுக்குத் தீனி வைக்கும்படி வால்ட்டர் சொல்லிவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. அதற்காகக் கல்லின் மேல் குழி வெட்டியிருக்கிறார்கள். யாரோ கொஞ்சம் தானியம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று ரோஜாக்கள், ஒன்று இன்றைக்கு வைத்தது.

அங்கேயே நின்று அக்கா 'லிண்டன் மரத்தடியில்' பாட்டை வாசித்தாள். பாடுகிறவள் ஒரு பெண். மரத்தடியில் நாங்கள் படுத்த இடத்தில் பூவும் புல்லும் ஒடிந்து கிடப்பதைப் பார்க்கலாம், தண்டரடாய் என்று இராப்பாடி பாடியது, ஆயிரம் முத்தம் கொடுத்தான், பாருங்கள் என் வாய் எப்படிச் சிவந்திருக்கிறதென்று. கடைசியில், நடந்தது அவனுக்கும் எனக்கும் ஒரு குட்டிப் பறவைக்கும் மட்டும்தான் தெரியும், அது யாரிடமும் சொல்லாது.

கபிலரின் குருகு உங்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். யாரும் இல்லாத இடத்தில் ஆரல் மீனுக்குக் காத்து நின்ற அந்தக் குருகு, அவன் பொய்த்தால் என்ன செய்வேன் என்று பதறுகிறவளுக்கு உதவாத சாட்சி. வால்ட்டரின் பறவையோ அவள் பக்கம். அவளுக்கு பயமே இல்லை, வெட்கம் இருக்கிறது, அதுவும் சந்தோஷத்தோடு கலந்த வெட்கம். எட்டாத பெருமாட்டிகளையே பாடிய மரபில் இப்படி ஒரு பெண்ணைப் பேச வைத்ததற்காகவே இந்த மனிதருக்கு தினமும் ரோஜா வைக்கலாம்.

"போதும்டி, மூக்கு சிவந்துபோச்சு, வா" என்றாள் அக்கா. எதிர்த்தெருவில் சூடான உருளைக்கிழங்கு சூப். ஏழு யூரோ. ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும்.

நவம்பர் 13, ஐஸநாஹ்

வரும் வழியில் ரயிலில் ஆளுக்கொரு காதில் வைத்துப் பாட்டுக் கேட்டோம். மனெஸ்ஸெ ஏட்டில் சொற்கள்தான் உண்டு, மெட்டு ஒன்றுகூடக் கிடையாது. வால்ட்டரின் ஒரு மெட்டு, புனித நாட்டில் கால் வைக்கும் யாத்ரீகனின் பாட்டு, மூன்ஸ்ட்டர் நகரில் 1910இல் கிடைத்த ஒரு கிழிந்த ஏட்டில் முழுதாக இருக்கிறது. காதல் பாட்டுகளை இன்றைய பாடகர்கள் பல சமயம் அதே யாப்பில் அமைந்த பிரெஞ்சு மெட்டுகளை வைத்துத்தான் பாடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூடத்தில் ஒலித்தது இதுதானா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

வார்ட்பர்க் கோட்டைக்குக் காட்டு வழியாக ஏறினோம். உதிர்ந்த பீச் இலைகள் ஈரத்தில் வழுக்கின. ஐரோப்பா முழுவதும் இந்தக் கோட்டை தெரிந்தது மதச் சீர்திருத்தவாதி லூதர் 1521இல் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்ததால். நாங்கள் தேடி வந்தது துரிங்கிய பிரபு ஹெர்மானின் கூடத்தை. வால்ட்டரும் வோல்ஃப்ரமும் அவர் ஆதரவில் இருந்தவர்கள். பாடகர் போட்டி ஒன்று 1206 வாக்கில் இங்கே நடந்ததாகக் கதை. தோற்றவர் தலை போகும். தோற்ற ஹைன்ரிஷ் ஃபொன் ஓஃப்டர்டிங்கன் பிரபுவின் மனைவி ஸோஃபியாவின் மேலங்கிக்குள் ஒளிந்து உயிர் தப்பினாராம். மோரிட்ஸ் ஃபொன் ஷ்விண்ட் 1855இல் அதைச் சுவரில் பெரிதாக வரைந்திருக்கிறார். எல்லாரும் சுத்தமான உடை, அமைதியான சபை.

வால்ட்டர் கண்ட சபை வேறு. காதில் நோய் உள்ளவன் துரிங்கிய அரண்மனைப் பக்கம் போகாதே, பைத்தியம் பிடித்துவிடும் என்கிறார். ஒரு கூட்டம் வெளியே போக இன்னொன்று உள்ளே வர, இரவும் பகலும் இரைச்சல். வண்டி வைன் ஆயிரம் பவுன் விற்றாலும் இங்கே ஒரு வீரனின் கோப்பை காலியாகாது. வோல்ஃப்ரமும் அந்தக் கும்பலைக் குறை சொல்கிறார். அந்தக் குடிகாரக் கூட்டத்துக்கு நடுவே, 'மெதுவாகக் கேளுங்கள், அவள் என்னைப் பார்த்தாள்' என்று பாட வேண்டியிருந்திருக்கிறது. பக்கவாட்டு ஜன்னல் திட்டில் உட்கார்ந்து அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு வந்து போனது. எனக்கு நல்லதாகவே பட்டது.

கீழே சந்தைத் திடலில் கரியில் சுட்ட துரிங்கியத் தொத்திறைச்சி, பாதி ரொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, மேலே கடுகு, நாலு யூரோ. விற்றவர் அக்காவிடம் கடுகைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இந்த ஊரில்தான் கெர்ஹார்ட் அட்ஸெ என்ற வீரன் வால்ட்டரின் குதிரையை அம்பெய்து கொன்றான். மூன்று மார்க் பெறும் குதிரை என்று வால்ட்டர் பிரபுவிடம் பாட்டாகவே வழக்குத் தொடுக்கிறார். அட்ஸெ சொன்ன சமாதானம், என் விரலைக் கடித்துத் துப்பிய குதிரைக்கு இது சொந்தக்காரக் குதிரை என்பது. அந்த இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்று இரண்டு கையையும் தூக்கிச் சத்தியம் செய்கிறார் கவிஞர். வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற பாட்டு, ஆனால் ஊர் ஊராகப் போகிறவனுக்குக் குதிரை போனால் பிழைப்பே போயிற்று. அந்த மூன்று மார்க்குக்காக அதே கூடத்தில், அட்ஸெயும் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் அதைப் பாடியிருக்க வேண்டும். அக்கா அதை ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் முழுக்க ஜெர்மனில் வாசித்தாள். எதிர் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு, இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டார். அவள் வாசித்தாள்.